பாங்காக் – சியாங் மாய் இரவு ரயில்: வயதான அப்பா அம்மாவோடு போகலாமா, எந்த வண்டி?

நொய்யல்கரை:
வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்து போகிறேன். முதலில் பாங்காக், அப்புறம் சியாங் மாய். இடையில் இருக்கும் 751 கிலோமீட்டரை இரவு ரயிலில் கடக்க எனக்கு ஆசை, அப்பாவுக்கு என்னைவிட ஆசை. அவர் இன்றைக்கும் சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸைத் தவிர வேறெதிலும் போக மாட்டார். ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, ஏணி ஏறவே முடியாது. விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தானே, எதற்கு ராத்திரி முழுக்க அவர்களை அலைக்கழிக்கிறாய் என்று தங்கை ஒரே பிடியாக நிற்கிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். முதல் வகுப்பு எடுப்பதா, இரண்டாம் வகுப்பு போதுமா? ஒரே நாளில் நாலு வண்டி காட்டுகிறது, எது நல்லது? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

தண்டவாளம்:
தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் வகுப்பு வேண்டாம். பெற்றோர் என்றதும் எல்லோரும் முதல் வகுப்பைத்தான் சொல்வார்கள், உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. அதில் ஓர் அறைக்கு இரண்டு படுக்கை, ஒன்றுக்கு மேல் ஒன்று. அம்மா கீழே படுத்தால் அப்பா ஏணி ஏறியாக வேண்டும், ராத்திரி எழுந்து போக வேண்டியிருந்தால் இருட்டில் இறங்கவும் வேண்டும். நீங்கள் மூன்றாவது ஆள், முன்பின் தெரியாத ஒருவரோடு வேறு அறையில் இருப்பீர்கள்.

இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கைப் பெட்டியின் அமைப்பே வேறு. நம் ஊர் சைடு லோயர், சைடு அப்பர் வரிசையை எடுத்து நடைபாதைக்கு இரண்டு பக்கமும் வைத்தது போல இருக்கும். ஏறும்போது எதிரெதிராக இரண்டு இருக்கை. வண்டி கிளம்பிய பிறகு பணியாளர் ஒவ்வொரு இடமாக வந்து, அந்த இரண்டையும் இழுத்துச் சேர்த்து, மெத்தை போட்டு, விரிப்பு விரித்து, தலையணையும் போர்வையும் வைத்து, திரையும் மாட்டிவிடுவார். நாம் எதையும் தொட வேண்டியதில்லை. கீழ்ப்படுக்கை நன்றாக அகலம், ஜன்னல் முழுவதும் அதற்கே சொந்தம். மேல்படுக்கை குறுகல், ஜன்னலும் கிடையாது, அதனால் விலை கொஞ்சம் குறைவு. மூன்று லோயர் எடுத்துவிடுங்கள், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடைபாதையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ராத்திரி கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். வண்டிக்கு வண்டி மாறினாலும் தோராயமாக ஆளுக்கு ஆயிரம் பாட் பக்கம் வரும், முதல் வகுப்பைவிட இது கணிசமாகக் குறைவு.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லோயர் மட்டும் எடுத்தால் எதிர் இருக்கை மேல்படுக்கைக்காரருடையது. படுக்கை போடும்வரை அவர் உங்களுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். ஒரு லோயரும் ஒரு அப்பரும் எடுக்கும் இளம் ஜோடிக்கு அந்த இடம் முழுவதும் தனியாகக் கிடைக்கும். முழங்கால் வலி இருக்கும் வீட்டில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாடவீதி:
மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் என் வீட்டுப் பெரியவர்களோடு போயிருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் நடைபாதை விளக்கு விடிய விடிய எரியும், ஏசி உறைய வைக்கும், கதவுக்குப் பக்கத்துப் படுக்கை கிடைத்தால் ஆட்கள் போய்வரும் சத்தம் நிற்காது. சர்க்கரை இருப்பவர்கள் ராத்திரி நாலு முறை எழுவார்கள், ஓடும் வண்டியில் ஆட்டத்தோடு நடந்து கழிவறைக்குப் போய்வர வேண்டும். முதல் வகுப்பு என்றால் அறைக்குள்ளேயே முகம் கழுவும் தொட்டியாவது இருக்கும், கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம், விளக்கை அணைக்கலாம். ராத்திரி ரயிலில் போனால் ஒருநாள் விடுதி வாடகை மிச்சம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் பகல் முழுக்கப் படுக்கையில்தான் கழியும்.

தண்டவாளம்:
விடுதி வாடகைக் கணக்கு தப்பு என்பதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கு இறங்கினால் மதியம்வரை அறை தர மாட்டார்கள், பெரியவர்களோடு போகிறவர்கள் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுப்பதுதான் நல்லது. அப்போது மிச்சம் எங்கே? பணத்தை மிச்சப்படுத்த என்றால் இந்த ரயிலுக்குப் போகவே வேண்டாம்.

விளக்குக்கும் குளிருக்கும் வழி இருக்கிறது. கீழ்ப்படுக்கையில் திரை தரைப்பக்கம்வரை இறங்கும், வெளிச்சம் அதிகம் தொல்லை பண்ணாது, மேல்படுக்கைக்காரர்கள்தான் அவதிப்படுவார்கள். குளிர் உண்மைதான். சால்வை, காதை மூடும் குல்லா, காலுறை மூன்றையும் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். முன்பதிவு செய்யும்போது இருக்கை வரைபடம் வரும், பெட்டியின் நடுவில் இருக்கும் எண்களை எடுங்கள். கழிவறைக்கு நாலு அடி கூட நடக்க வேண்டும், ஆனால் கதவுச் சத்தம் இருக்காது.

இனி எந்த வண்டி என்பது. எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். இணையத்தில் எங்கே கேட்டாலும் 9ஆம் எண் வண்டியைச் சொல்வார்கள். மாலை 6.40 வாக்கில் கிளம்பி காலை 7.15 வாக்கில் சியாங் மாய் சேரும். 2016இல் வந்த சீனத் தயாரிப்புப் பெட்டிகள், சுத்தமான கழிவறை, ஒவ்வொரு படுக்கைக்கும் சார்ஜ் போடும் வசதி, உணவுப் பெட்டி எல்லாம் உண்டு. பெட்டியைப் பொறுத்தவரை அதுதான் நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாதையில் பார்க்க வேண்டியது கடைசி நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்தான். லாம்பாங் தாண்டியதும் காடு, வளைவு, மூங்கில், ஆற்றுப் பாலம் என்று ஏறிக்கொண்டே போய் குன் தான் சுரங்கத்துக்குள் நுழையும். 1,352 மீட்டர் நீளம், ஜெர்மன் பொறியாளர் எமில் ஐசன்ஹோஃபர் தலைமையில் பல வருடம் தோண்டி 1918இல் முடித்தது. முதல் உலகப் போரில் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) ஜெர்மனிக்கு எதிராக இறங்கியபோது, கட்டிக்கொண்டிருந்த அவரே கைதியானார். பிறகு திரும்பி வந்து சயாமிலேயே வாழ்ந்தவர், அவருடைய நினைவிடம் சுரங்க வாயில் அருகே இருக்கிறது. அந்த இடத்தை 9ஆம் வண்டி ஆறு மணி வாக்கில் கடக்கும். மே, ஜூனில் அப்போது நல்ல வெளிச்சம். ஜனவரியிலோ சியாங் மாய் பக்கம் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிவிடும். இருட்டில் ஏறி, இருட்டில் சுரங்கம் தாண்டி, விடியும்போது ஊர் வந்துவிடும்.

13ஆம் வண்டி இரவு 8 மணி வாக்கில் கிளம்பி காலை 8.40க்கு மேல் சேருகிறது. பழைய பெட்டிகள்தான், ஆனால் லாம்பாங்கிலிருந்து மேலே ஏறும்போது விடிந்துவிடும். 51ஆம் வண்டி இரவு 10.30க்குக் கிளம்பி மறுநாள் மதியம் சேருகிறது, டென் சாய் தாண்டி வரும் மலைகள் முழுவதும் பகலில் பார்க்கலாம். ரயிலுக்காகவே ஏங்கும் உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மலையை இருட்டில் கடக்க வைக்காதீர்கள். 13 எடுங்கள்.

கரிசல்மழை:
தண்டவாளம் அண்ணா சொன்ன நேரக் கணக்கு ரொம்ப உபயோகமானது, இது வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. சைவம் பற்றி நான் சொல்கிறேன், நானும் முட்டைகூடச் சாப்பிடாதவள்.

ரயில் சாப்பாட்டை நம்பாதீர்கள். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றித்தான் வதக்குவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி, தனியாக அசைவம் என்றே தோன்றாது. தாய்லாந்தில் "ஜே" என்று கேட்டால்தான் சரியாகப் புரியும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து போட்ட சின்னக் கொடி தொங்கும் கடைகள் அவை, முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். இன்னும் சுலபமான வழி, கிளம்பும் நாள் மதியம் பாங்காக்கின் சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அந்தப் பக்கத்தில் இருக்கும் நம் ஊர் உணவகத்தில் சப்பாத்தியோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போவது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய கோயில், அம்மாவுக்கும் பிடிக்கும். தயிர், வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

தனியாகப் போகும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், 9ஆம் வண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று தனிப் பெட்டி உண்டு. 2014 ஜூலையில் தெற்கு வழி இரவு ரயிலில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் நாடே கொந்தளித்த பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது, ரயிலில் மது விற்கவும் குடிக்கவும் தடை வந்ததும் அதன் பிறகுதான். நான் அந்தப் பெட்டியில்தான் போனேன், நிம்மதியாக இருந்தது. தனியாகப் போகிறவளுக்கு மலையைவிட அது முக்கியம்.

ஈப்போ வாசகர்:
மலேசியாவிலிருந்து ஒரு சேதி. இங்கேயிருந்து தாய்லாந்துக்கு ரயிலிலேயே போக விரும்புகிறவர்கள் இருந்தால், கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் இ.டி.எஸ். என்ற எங்கள் மின்சார ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார் வந்து, அங்கே மாலையில் பாங்காக் போகும் படுக்கை ரயிலைப் பிடிக்கலாம். முன்பு பட்டர்வொர்த் வரை வந்த வண்டி, இப்போது எல்லையோடு சரி. ஒரே கட்டடத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். டிக்கெட்டில் தாய்லாந்து நேரம் போட்டிருக்கும், நம் கடிகாரம் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், இதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

அந்த வழியில் போகும் தமிழர்களுக்கு இதையும் சொல்ல நினைக்கிறேன். காலையில் பாங்காக் நெருங்கும்போது, நகோன் பத்தோம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நோங் பிளாடுக் என்று ஒரு சின்னச் சந்திப்பு நிலையம் வரும். சயாம் மரண ரயில் பாதை அங்கேயிருந்துதான் பிரிகிறது. இரண்டாம் உலகப் போரில், 1942, 43இல், கைதிகளையும் கூலிகளையும் வதைத்து ஜப்பானியர்கள் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இதே தெற்குப் பாதை வழியாகத்தான் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் தம்பி போனவர், திரும்பவில்லை. பெரும்பாலும் வண்டி அங்கே நிற்காமல் போய்விடும், ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகை தெரியும். எங்கள் வீட்டில் யார் போனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

தண்டவாளம்:
ஐயா, நன்றி. அந்தப் பாதையில் இருக்கும் காஞ்சனபுரி பற்றி எழுதுகிறவர்கள் பாலத்தையும் வெள்ளைக்காரக் கைதிகளையும்தான் எழுதுகிறார்கள். நோங் பிளாடுக் என்ற பெயரை ஒரு தமிழர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். அடுத்த முறை தெற்குப் பாதையில் போகும்போது நானும் விழித்திருப்பேன்.

வல்லிபுரத்தான்:
நான் யாழ்ப்பாணம். கொழும்புக்கு இரவு மெயிலில் போய்ப் பழகின ஆள், எனக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், நித்திரை ஒரு பிரச்சினையே இல்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்லவில்லை. இன்னொரு யோசனை. பாங்காக்கில் ஏறத்தான் வேண்டும் என்றில்லை. வடக்கே போகிற வண்டிகள் அயூத்தயாவிலும் நிற்கும். காலையில் பாங்காக்கில் இருந்து 71 கிலோமீட்டர் போய், பழைய கோயில்களைப் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு இரவு அங்கேயே ஏறலாம். வயதானவர்களுக்கு அது அலைச்சல்தான், உங்கள் அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையில் இருந்து டான் முவாங் விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் கவனியுங்கோ, அந்த விமான நிலையத்துக்கு எதிரேயே ரயில் நிலையம் இருக்கிறது, சியாங் மாய் வண்டிகள் அங்கேயும் நின்றுதான் போகும். நகரத்துக்குள் போய்த் திரும்பி வரத் தேவையில்லை.

நொய்யல்கரை:
இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னதுமே 13ஆம் வண்டி என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு சந்தேகம். டிக்கெட் எங்கே எடுப்பது, எவ்வளவு முன்னால்? நிலையம் ஹுவா லம்போங்கா, பாங் சூவா? பழைய பதிவுகளில் ஒன்று, புதியவற்றில் ஒன்று போட்டிருக்கிறது.

கரிசல்மழை:
பாங் சூ. 2023 ஜனவரி 19 முதல் தொலைதூர வண்டிகள் புது நிலையத்துக்கு மாறிவிட்டன, முழுப் பெயர் குருங் தெப் அபிவத். ஹுவா லம்போங் 1916லிருந்து இருக்கும் அழகான கட்டடம், ஆனால் உங்கள் வண்டி அங்கே வராது. எம்.ஆர்.டி. மெட்ரோவின் நீலத் தடத்தில் பாங் சூ நிறுத்தத்தில் இறங்கினால் நிலையத்தின் கீழேயே வந்துவிடலாம். கட்டடம் ரொம்பப் பெரிது, அம்மாவால் நடக்க முடியாவிட்டால் உள்ளே போனதும் சக்கர நாற்காலி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கீழ்த்தளத்தில் உட்கார வைத்திருப்பார்கள், வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் முன்னால்தான் வாயிலைத் திறந்து மேல்தளத்து நடைமேடைக்கு விடுவார்கள். எல்லோரும் தானியங்கிப் படிக்கட்டுக்கு ஓடுவார்கள், நீங்கள் லிஃப்டைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடவீதி:
டிக்கெட்டுக்கு தாய்லாந்து ரயில்வேயின் சொந்தத் தளமான டி-டிக்கெட்டுக்கே போங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், எண் இரண்டும் கேட்கும், லோயர், அப்பர் என்று படத்தில் தெளிவாகக் காட்டும். நான் ஒரு முகவர் தளத்தில் கூடுதல் பணம் கட்டி, லோயர் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன், வந்தது இரண்டும் அப்பர். கேட்டால் உறுதி தரவில்லையே என்று பதில். என் மாமியாரை மேலே ஏற்ற முடியாமல், பெட்டியில் இருந்த ஒரு தாய்லாந்துப் பையன் தானாகவே தன் இடத்தை மாற்றிக் கொடுத்தான். நான் விமானம் என்று சொன்னதற்கு அந்த இரவுதான் காரணம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மூன்று லோயர் கைக்கு வந்தால் என் எதிர்ப்பு பாதி குறைந்துவிடும். ஜனவரி அங்கே கூட்டம் அலைமோதும் மாதம், லோயர்தான் முதலில் தீரும், விற்பனை திறந்ததும் எடுங்கள். நவம்பர் விளக்குத் திருவிழா, ஏப்ரல் 13லிருந்து சொங்க்ரான் என்ற அவர்கள் புத்தாண்டு, இந்த இரண்டு சமயத்திலும் இன்னும் மோசம்.

பெட்டி பழையது என்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 13இல் சார்ஜ் போடும் வசதி எல்லாப் படுக்கைக்கும் கிடையாது, பவர் பேங்க் கொண்டுபோங்கள். ஒரு பெட்டியில் குத்துக்கால் கழிவறையும் மேற்கத்திய கழிவறையும் இருக்கும், மேற்கத்தியது எந்தப் பக்கம் என்று ஏறியதுமே பார்த்து அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள்.

தண்டவாளம்:
மாடவீதி சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்று, 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் எல்லா வெளிநாட்டினரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், வருவதற்கு மூன்று நாளுக்குள். விமானம், ரயில், சாலை எல்லாவற்றுக்கும் இது உண்டு, கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

திரும்பி வரும்போது என்ன செய்யப்போகிறீர்கள்?

நொய்யல்கரை:
திரும்ப விமானம். தங்கையோடு அதுதான் சமரசம். போகும்போது ரயில், வரும்போது அவள் சொன்னபடி.

தண்டவாளம்:
நல்ல முடிவு. இரவு ரயிலில் திரும்பினால் பாங்காக்கில் காலை ஏழு மணிக்குள் இறக்கிவிடும். அன்றைக்கே ஊருக்கு விமானம் பிடிப்பவர்கள் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பார்த்து எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் வண்டி தாமதமாவதும் உண்டு.

சிறுவாணி:
இந்த இழையை லாவோஸ் போகிறவர்களும் படிப்பார்கள் என்று சேர்க்கிறேன். 2024 ஜூலையிலிருந்து பாங்காக்கிலிருந்து வியன்தியானுக்கு நேரடி இரவு ரயில் ஓடுகிறது. காலையில் தாய்லாந்து எல்லையான நோங் காயில் எல்லோரும் சாமானோடு இறங்கி, முத்திரை வாங்கிவிட்டு, திரும்ப ஏறி மேகோங் பாலத்தைத் தாண்ட வேண்டும். அது சேரும் நிலையம் வேறு, லுவாங் பிரபாங் போகும் சீன ரயிலின் நிலையம் வேறு, இரண்டுக்கும் நடுவே வண்டி பிடித்துத்தான் போக வேண்டும்.

நொய்யல்கரை:
எடுத்துவிட்டேன்! 13ஆம் வண்டி, மூன்று லோயர், பெட்டியின் நடுவில், அம்மாவும் அப்பாவும் நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சுரங்கத்துக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

தண்டவாளம்:
பாதை வளைந்து வளைந்து போவதால் பள்ளத்தாக்கு ஒரு முறை இடது பக்கம், ஒரு முறை வலது பக்கம் வரும். இரண்டு பக்கமும் ஜன்னல் உங்கள் வீட்டுக்கே இருக்கிறதே, மாறி மாறி உட்காரச் சொல்லுங்கள். லாம்பாங் வந்ததும் பணியாளரிடம் படுக்கையை மடித்துத் தரச் சொல்லுங்கள், கேட்டால் முதலில் உங்களுக்குச் செய்து கொடுப்பார்.